பூனைக்கும் கொஞ்சம் மணல்

கீரை விதைக்கிறவர்களுக்குப் பூனை மேல் வருகிற கோபம் நியாயமானது. மண்ணைக் கொத்தி, கட்டி உடைத்து, மக்கிய எருவைக் கலந்து, விதையை மணலோடு சேர்த்துத் தூவி, உள்ளங்கையால் லேசாகத் தட்டிவிட்டு, பூவாளியில் தண்ணீர் தெளித்துவிட்டு வந்து படுக்கிறோம். விடிந்து போய்ப் பார்த்தால் பாத்தி நடுவில் பறித்த குழி. விதையெல்லாம் ஒரு பக்கம் குவிந்து கிடக்கிறது, மறுபக்கம் மொட்டை. மண்ணுக்கு அடியிலிருந்து கிளம்பும் நாற்றம் வேறு. முளைக்கீரை முளைக்க மூன்று நான்கு நாள் போதும். அந்த மூன்று நான்கு நாளில்தான் மண் பூனைக்கும் ஏற்றபடி இருக்கிறது: பொலபொலவென்று, கல் இல்லாமல், காலில் செடி தட்டாமல். பூனை தன் மலத்தை மூடுகிற பிராணி. மூடுவதற்கு மண் வேண்டும். இளகிய மண் எங்கே இருக்கிறதோ அங்கே அது போகும். இதில் அதன் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

இரண்டு தோட்டங்களில் நான் இதைப் பார்த்திருக்கிறேன். ஒன்று, 1970-களில் மாயவரத்தில் எங்கள் வீட்டுக் கொல்லை. அந்த ஊர் மறுபடியும் மயிலாடுதுறை ஆனது 1982-ல். எங்கள் வீட்டில் இன்றைக்கும் மாயவரம்தான். இன்னொன்று, சென்னைக்குத் தெற்கே சிட்லபாக்கத்தில் இப்போது நான் வைத்திருக்கும் தோட்டம். மாயவரத்தில் பூனைகள் அதிகம், பாத்திக்குச் சேதம் குறைவு. இங்கே பூனைகள் குறைவு, பாத்திக்குச் சேதம் அதிகம். இந்த முரணை யோசிக்காமல் பூனையை விரட்ட வழி தேடுகிறவர்கள், செலவழித்துவிட்டு மறுநாளும் குழியைத்தான் பார்க்கிறார்கள்.

மாயவரம் கொல்லை நீளமானது. சமையலறைப் பின்கதவைத் திறந்தால் கிணறு, துவைக்கிற கல், அந்தத் தண்ணீரைக் குடித்து வளரும் வாழை. அதைத் தாண்டி முருங்கை, தென்னைகள், மாட்டுக் கொட்டகை, வைக்கோல் போர், எருக்குழி. கடைசியில் கிளுவை வேலி. வேலிக்கு அப்பால் வாய்க்கால். கீரைப் பாத்தி கிணற்றுக்குப் பக்கத்தில், இறைக்கிற தண்ணீர் தானாக ஓடிவரும் இடத்தில் இருந்தது. அரைக்கீரை, முளைக்கீரை, தண்டுக்கீரை என்று மாறி மாறி வரும். அந்தப் பாத்தி முழுக்க அப்பாயியின் பொறுப்பு. வேறு யாரும் அதில் மண்வெட்டி வைக்க முடியாது.

விதைத்த கையோடு அப்பாயி பாத்தி மேல் தென்னங்கீற்றைப் பரப்பி, ஓரங்களில் இலந்தை முள்ளை வெட்டி வைப்பார். முள் வைத்தது பூனைக்காக இல்லை, கோழிக்காக. எங்கள் வீட்டிலும் கோழி, இரண்டு பக்கத்து வீடுகளிலும் கோழி. ஒரு கோழி காலை வேளையில் கிளறிவிடுகிற சேதத்தைப் பூனை ஒரு மாதத்தில் செய்யாது. கோழிக்கு வைத்த முள் பூனையையும் நிறுத்தியது. முளை எட்டிப் பார்த்ததும் கீற்றை எடுத்து, நாலு கவட்டைக் குச்சி நட்டு அதன் மேல் பந்தலாகத் தூக்கி வைப்பார். வெயிலுக்கு நிழலும் ஆயிற்று, கோழிக்கு மறைப்பும் ஆயிற்று. கீரை நாலு விரற்கடை வளர்ந்துவிட்டால் பந்தலும் தேவையில்லை. நெருக்கமாக நிற்கிற கீரைக்குள் பூனை உட்கார இடம் தேடாது.

ஆனால் முள் மட்டும் அந்தப் பாத்தியைக் காப்பாற்றவில்லை. பூனைகளுக்கு அந்தக் கொல்லையில் வேறு இடம் இருந்தது. விறகு அடுப்பில் சமைத்த வீடு அது. தினமும் விடியற்காலையில் அடுப்பை வாரி, சாம்பலைக் கூடையில் எடுத்து வருவார்கள். பாத்திரம் தேய்க்கக் கொஞ்சம் எடுத்து வைப்பார்கள். கீரையில் அசுவினி கண்டால் தூவக் கொஞ்சம். மிச்சம் மாட்டுக் கொட்டகைக்கும் எருக்குழிக்கும் நடுவில் குவியும். கொட்டகையின் கூரை இறக்கம் அதன் மேல் வந்ததால் மழையிலும் அந்தச் சாம்பல் பாதி உலர்ந்தே கிடக்கும். அக்கம்பக்கத்துப் பூனைகள் அத்தனையும் அங்கேதான் போகும். அப்பாயிக்கு இது தெரியும். பாத்திக்குச் சாம்பல் வேண்டுமென்றால் அடுப்பிலிருந்து நேராக எடுப்பாரே தவிர, குவியலிலிருந்து எடுக்க மாட்டார். நான் ஒருமுறை கூடையோடு அந்தப் பக்கம் போனபோது, "அதுல கை வைக்காத, அது பூனைக்கு வுட்டது" என்று தடுத்தார். சாஸ்திரம் எதையும் படித்து அவர் அதைச் சொல்லவில்லை. எந்தப் பிராணி எங்கே போகும் என்று தினமும் பார்த்துத் தெரிந்துகொண்டவர்.

பூனைக்கு அந்த வீட்டில் வேலையும் இருந்தது. பத்தாயத்தில் நெல், வெளியே வைக்கோல் போர், இரண்டிலும் எலி. மீன் கழுவுகிற நாளில் தலையும் செதிலும் கிடைக்கும். யாரும் மடியில் வைத்துக் கொஞ்சியதில்லை, சமையலறைக்குள் வந்தால் விரட்டத்தான் செய்தார்கள். ஆனால் கொல்லையில் அது திரிவதை யாரும் கேள்வி கேட்டதில்லை.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று நான் எழுத மாட்டேன். கோடையில் வைக்கோல் போரின் பொந்தில் பூனை குட்டி போடும். கண் திறந்தும் திறக்காத குட்டிகளைச் சித்தப்பா கோணிப் பையில் போட்டுச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய், ஆற்றுக்கு அந்தப் பக்கம் சந்தை மேட்டில் விட்டுவிட்டு வருவார். கொல்லக் கூடாது, பூனை பாவம் பொல்லாதது, தங்கத்தில் பூனை செய்து கோயிலுக்குக் கொடுத்தாலும் தீராது என்பது அப்பாயியின் நம்பிக்கை. கொண்டுபோய் விடுவதில் அந்தப் பாவம் இல்லை என்று வீட்டில் எல்லாரும் நினைத்தார்கள். பால் குடிக்கிற குட்டிகள் சந்தை மேட்டில் என்ன ஆகியிருக்கும் என்பது யோசித்தால் தெரியும். தாய்ப்பூனை இரவெல்லாம் போரைச் சுற்றிக் கத்தும். அது கொடுமைதான். பூனைக்குக் கருத்தடை செய்யலாம் என்ற எண்ணமே அந்தத் தெருவில் யாருக்கும் வந்ததில்லை.

1980-களின் நடுவில் எங்கள் வீட்டுக்குக் கேஸ் அடுப்பு வந்தது. அம்மாவுக்கு இருமல் நின்றது. அந்த ஒன்றுக்காகவே அதை வரவேற்க வேண்டும். சாம்பலும் நின்றது. பிறகு மாடு போயிற்று, மாடு போனதும் வைக்கோல் போர் போயிற்று, எருக்குழி தூர்ந்தது. பாகப்பிரிவினையில் கொல்லை குறுக்கே சுவர் வந்தது. ஒவ்வொரு பங்கிலும் ஒரு குளியலறை, ஒரு சிமெண்டுத் தளம். ஊருக்குப் போகும்போதெல்லாம் பார்க்கிறேன். மழை நீர் உள்ளே இறங்க ஒரு முழம் மண் அங்கே மிஞ்சவில்லை.

சென்னைப் புறநகர் கதையும் இதுதான், இன்னும் வேகமாக நடந்தது. இங்கே மனையைக் கிரவுண்டு கணக்கில் பேசுகிறார்கள். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. அதில் வீடு போக மிஞ்சுகிற சுற்றுவெளியில் முழுக்கப் பேவர் பிளாக் பதிப்பது வழக்கமாகிவிட்டது. சேறு ஒட்டாது, பெருக்குவது சுலபம், கார் நிறுத்தலாம். தெருவும் சிமெண்டு ரோடு. காலி மனைகள் இருந்தவரை பூனைகளுக்குக் கவலையில்லை. கடைசிக் காலி மனையிலும் அடுக்குமாடி எழுந்த பிறகு, எங்கள் தெருவில் இளகிய மண் என்று மிஞ்சியது என் வீட்டு மதிலோரத்துப் பன்னிரண்டடிப் பாத்தியும், நாலைந்து வீடுகளின் மாடித்தோட்டப் பைகளும்தான். அத்தனை பூனைகளும் அங்கே வராமல் எங்கே போகும்?

மாடியில் பை வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. பையில் நிரப்புவது தென்னை நார்க்கழிவு. எடை குறைவு, தண்ணீரைப் பிடித்து வைக்கும், வேர் நன்றாக ஓடும். மாடிக்கு அதைவிட நல்லது கிடையாது. மேலாக மட்டும் சீக்கிரம் உலர்ந்து மிருதுவாகிவிடும். பூனை தேடுவது அதைத்தான். நார்க்கழிவைப் பூனை மணலாகவே பொட்டலம் கட்டி விற்கிறார்கள் என்றால் மேலும் சொல்ல வேண்டியதில்லை.

பூனை மணல் என்ற சரக்கு பிறந்த கதையை இங்கே சொல்வது பொருந்தும். அமெரிக்காவில் மிசிகன் மாநிலத்தில், 1947-ஆம் வருஷம் ஜனவரிக் குளிர். ஒரு பெண்மணி தன் பூனைக்கு அடுப்புச் சாம்பலை வைத்துப் பார்க்கிறார். வீடெல்லாம் கரிக் கால்தடம். பக்கத்தில் இருந்த எட்வர்ட் லோ என்பவரிடம் போய்க் கொஞ்சம் மணல் கேட்கிறார். லோவின் குடும்பம் தொழிற்சாலைகளுக்கு உறிஞ்சு பொருள்கள் விற்று வந்தது. அவர் மணலுக்குப் பதில், ஈரத்தை உறிஞ்சும் உலர்ந்த களிமண் குருணையைக் கொடுத்தார். பூனைக்கு அது பிடித்துப்போயிற்று. அதிலிருந்து ஒரு பெரிய வியாபாரமே எழுந்தது. மிசிகனில் சாம்பல் சரிப்படாமல் போனது பூனை வீட்டுக்குள் இருந்ததால். மாயவரத்தில் சரிப்பட்டது பூனை கொல்லையில் இருந்ததால். இரண்டு ஊரிலும் பூனைக்குத் தேவைப்பட்டது ஒன்றே.

என் மருமகள் உண்டாகியிருந்தபோதுதான் பாத்தியில் பூனை அசுத்தம் செய்வது எனக்கு விளையாட்டல்ல என்று ஆயிற்று. பூனை மலத்தில் டாக்சோபிளாஸ்மா கோண்டி என்ற ஒட்டுண்ணி இருக்கலாம். 1908-ல் துனிஸ் நகரில் ஒரு கொறிக்கும் பிராணியிடம் இதை முதலில் கண்டார்கள். இதன் வாழ்க்கைச் சுழற்சி நிறைவடைவது பூனை இனத்தின் குடலில்தான் என்பது 1970-ஐ ஒட்டித்தான் தெளிவானது. கர்ப்பிணிக்கு முதல் முறையாக இந்தத் தொற்று வந்தால் கருவுக்குப் போகலாம். குழந்தையின் கண்ணையும் மூளையையும் பாதிக்கலாம். "அத்தை, அப்ப நான் தோட்டத்துப் பக்கமே வரக் கூடாதா?" என்று அவள் கேட்டாள். கீரை கிள்ளுவதில் அவளுக்கு அவ்வளவு ஆசை.

டாக்டர் சொன்னதையும் படித்ததையும் வைத்து அவளுக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். பூனையைப் பார்ப்பதாலும் தொடுவதாலும் இந்த நோய் வந்துவிடுவதில்லை. பூனை பெரும்பாலும் தன் வாழ்நாளில் முதல் தொற்றின்போது சில வாரங்கள்தான் இந்த ஒட்டுண்ணியின் முட்டைகளை வெளியே தள்ளுகிறது. அவையும் வெளியே வந்த உடனே தொற்றுவதில்லை. ஒன்றிலிருந்து ஐந்து நாள் ஆகும். அதனால் மலத்தை அன்றன்றே அப்புறப்படுத்தினால் ஆபத்து பெருமளவு குறையும். விட்டுவிட்டால் ஈர மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தோட்ட வேலைக்கு ரப்பர் கையுறை போட வேண்டும், முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும், பச்சையாகத் தின்கிற புதினா, கொத்தமல்லி, வெள்ளரியை ஓடும் தண்ணீரில் பலமுறை அலச வேண்டும். கீரையை நாம் வேகவைத்துத்தான் சாப்பிடுகிறோம், அது நல்லது. சரியாக வேகாத இறைச்சியிலிருந்தும் இதே நோய் வரும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கர்ப்பிணிகள் அந்த மாதங்களில் மண்ணைக் கிளறும் வேலையை வேறு யாரிடமாவது விடலாம். பிரசவம் வரைக்கும் பாத்தியை நான்தான் கிளறினேன். அவள் மாடியில் நின்று வெண்டைக்காய் பறித்தாள்.

மாட்டுச் சாணத்தைப் போலப் பூனை மலமும் எருவாகும் என்று சிலர் நினைக்கிறார்கள். ஆகாது. மாமிசம் தின்கிற பிராணியின் மலம் அது. வயிற்றுப் புழுக்களின் முட்டையும் அதில் வரும். காய்கறிப் பாத்தியிலும் மக்குத் தொட்டியிலும் அதைச் சேர்க்கவே கூடாது.

இனி விரட்டும் மருந்துகள். எங்கள் தெருவில் எல்லாரிடமும் ஒரு வைத்தியம் இருக்கிறது. நாய்க்கு வைக்கிற நீலத் தண்ணீர் பாட்டிலைப் பூனைக்கும் வரிசையாக வைக்கிறார்கள். பூனை அதன் பக்கத்திலேயே படுத்து வெயில் காய்கிறது. ஆரஞ்சுத் தோலின் வாசனை ஒரு நாள் தாங்கும், காய்ந்தால் ஒன்றுமில்லை. மிளகாய்த் தூள் போடுவது பாவம். பாதத்தில் ஒட்டி, பாதத்தை நக்கி, கண்ணைத் துடைத்து அது படுகிற பாட்டை ஒருமுறை பார்த்தவர்கள் மறுபடி போட மாட்டார்கள். காபிச் சக்கையில் மிஞ்சியிருக்கும் காஃபீன் பூனைக்கும் நாய்க்கும் விஷம்.

பாச்சை உருண்டையைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அது நாப்தலீன். காற்றில் கரைவது போக மிச்சம் மண்ணில் இறங்கும், கீரை வளர்கிற மண்ணில். வெள்ளையாக மிட்டாய் மாதிரி இருப்பதால் குழந்தைகள் எடுத்து வாயில் போடும். ஜி-6-பிடி நொதி குறைவாக உள்ள குழந்தைக்கு அது இரத்தச் சிவப்பணுக்களை உடைத்து உயிருக்கே ஆபத்தாகும். பினாயிலும் அப்படித்தான். பீனால் வகைப் பொருள்களை முறித்து வெளியேற்றுகிற திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. தரையில் தெளித்தது காலில் ஒட்டி, நக்கும்போது உள்ளே போகும். பாத்தியைச் சுற்றிப் பினாயில் ஊற்றுவது, வேண்டுமென்று செய்யாவிட்டாலும், விஷம் வைப்பதுதான்.

வேண்டுமென்றே வைத்தவர்களும் உண்டு. எங்கள் தெருவில் யாரோ மீனில் எலி மருந்தைப் பிசைந்து வைத்தார்கள். வரி போட்ட பெண் பூனை ஒன்று கார் கொட்டகையில் வாயில் நுரையோடு கிடந்தது. அதன் மடியில் பால் கட்டியிருந்தது. குட்டிகளைத் தேடி எடுக்கும்போது இரண்டு ஏற்கனவே போய்விட்டன. அப்பாயி காலத்தில் பாவம் என்று பயந்தார்கள். இப்போது அந்தப் பயம் இல்லை. சட்டம் இருப்பதும் தெரியவில்லை. 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் முதல் குற்றத்துக்கு அபராதம் ஐம்பது ரூபாயைத் தாண்டாது என்பதால் யாரும் அதை மதிப்பதில்லை. ஆனால் 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆவது பிரிவு, எந்த விலங்கையும் கொல்வது, விஷம் வைப்பது, ஊனமாக்குவது ஆகியவற்றுக்கு ஐந்து வருஷம் வரை சிறை என்கிறது. அந்த மீனை ஒரு குழந்தையோ பக்கத்து வீட்டு நாயோ எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் இன்னும் நினைத்துக்கொள்கிறேன்.

பாத்தியைக் காப்பாற்றுகிற வழிகள் எளிமையானவை. அப்பாயி செய்ததற்கும் அவற்றுக்கும் பெரிய வித்தியாசமில்லை. இலந்தை முள் இங்கே கிடைப்பதில்லை, கோழிவலை கிடைக்கிறது. ஒரு அங்குலக் கண் உள்ள வலையைப் பாத்தி அளவுக்கு வெட்டி, விதைத்த உடனே மண்ணோடு படியப் படுக்கப்போட்டு, வளைத்த கம்பியால் ஓரங்களைக் குத்தி இறுக்க வேண்டும். பூனை வலை மேல் நடக்கும், பறிக்க முடியாது. பறிக்க முடியாத மண்ணில் அது உட்காராது. கீரை வலைக் கண்ணுக்குள் நுழைந்து மேலே வந்துவிடும். வேரோடு பிடுங்குகிற முளைக்கீரைக்கு மட்டும், இரண்டு இலை விட்டதும் வலையை எடுத்துவிட வேண்டும்; இல்லாவிட்டால் தண்டு மாட்டிக்கொள்ளும். கத்தரி, வெண்டை நடுகிறவர்கள் நாற்று வரும் இடத்தில் வலையை வெட்டிக்கொள்ளலாம்.

தொட்டிகளுக்கும் பைகளுக்கும் வலை வேண்டாம். விளக்குமாற்றுக் குச்சிகளை நாலு விரல் இடைவெளியில் நட்டால் போதும். கொட்டாங்கச்சியைக் கவிழ்த்து மண்ணை மூடினால் ஈரமும் காயாது. பெரிய செடியின் அடியில் பொன்னாங்கண்ணியைப் படரவிட்டால் சமையலுக்கும் ஆயிற்று. தண்ணீரைக் காலையில் ஊற்றுகிறவர்கள் விதைத்த வாரத்தில் மட்டும் மாலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பூனை அதிகமாக நடமாடுவது அந்தியிலும் விடியலிலும்; அப்போது மேல் மண் நனைந்திருந்தால் விலகிப் போகும். ஒருமுறை அசுத்தப்படுத்திய இடத்தில் வாசனை இருக்கிறவரை மறுபடி வரும். அங்கே மூன்று விரற்கடை ஆழத்துக்கு மண்ணை வாரி எடுத்துவிட்டுப் புது மண் போடுங்கள்.

களை எடுக்கிறவர்கள் குப்பைமேனியைக் கவனிக்க வேண்டும். நாட்டு வைத்தியர்கள் பூனைவணங்கி என்றும் சொல்லும் செடி. மண்ணில் நிற்கும்போது பூனை அதைக் கண்டுகொள்ளாது. பிடுங்கி வேர் வெளியே தெரிந்தால் அந்த வாசனைக்கு எங்கிருந்தோ வந்து முகத்தைத் தேய்த்துப் புரளும். களை எடுத்த அன்று பாத்தி உருக்குலைந்து கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பிடுங்கிய குப்பைமேனியைப் பாத்தி வரப்பில் போட்டுவைக்காமல் உடனே தூரக் கொண்டுபோய் விடுங்கள். நான் அதை மணல் தொட்டிக்குப் பக்கத்தில் போடுகிறேன். பூனைகள் அந்த இடத்தைப் பழகிக்கொள்ள அது உதவியது.

மணல் தொட்டிதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. உடைந்த சிமெண்டுத் தொட்டி ஒன்றை வீட்டின் பின்மூலையில், பாத்திக்கு எதிர்க்கோடியில், முருங்கையடியில் வைத்தேன். ஒரு சாண் ஆழத்துக்குச் சலித்த மணல். பாத்தியில் கண்ட மலத்தைச் சிறு கரண்டியால் எடுத்து அதில் போட்டேன். வலையால் பாத்தி மூடியிருந்தது, மணல் திறந்திருந்தது. பூனைகள் தாமாகவே மாறிவிட்டன. தினமும் காலையில் அதைச் சுத்தம் செய்கிறேன். வாசல் தெளிக்கிற நேரத்தில் முடிந்துவிடும் வேலை. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் ஐப்பசிக்கு முன்னால் அதன் மேல் ஒரு தகரம் போட்டுவிட வேண்டும். நனைந்த மணலைப் பூனை சீந்தாது. உலர்ந்த இடம் தேடி சன்ஷேடு அடியில் இருக்கும் உங்கள் தொட்டிக்கு வரும்.

மூலையில் பூனைக்கு மணல் வைத்தால் ஊர்ப் பூனையெல்லாம் சேர்ந்துவிடும் என்று பக்கத்து வீட்டில் வருத்தப்பட்டார்கள். அந்தக் கவலை நியாயமானது. பூனைகள் பெருகுவதை நிறுத்தாவிட்டால் எந்த வலையும் எந்த மணலும் போதாது. பெண் பூனை நாலைந்து மாதத்திலேயே சினைப் பருவத்துக்கு வந்துவிடும். சினைக்காலம் ஒன்பது வாரம். வருஷத்தில் இரண்டு மூன்று ஈற்றுக்கூட வரும். கொண்டுபோய் வேறு இடத்தில் விடுவதால் பயனில்லை. சாப்பாடு கிடைக்கும் தெருவுக்கு அடுத்த பூனை வந்து சேரும். சென்னையில் தெருநாய்களுக்குக் கருத்தடை செய்வதைப் புளூ கிராஸ் 1964-லேயே தொடங்கியது. நாய்க்குச் செய்வதை ஊர் ஏற்றுக்கொண்டுவிட்டது. பூனைக்கும் அதே அறுவைதான்.

எங்கள் தெருக்கோடியில் வாடகைக்கு இருக்கும் ஒரு பெண் தினமும் இரவு பூனைகளுக்குச் சோறு வைப்பாள். "நான் சோறு போடறதாலதான் எல்லார் வீட்டுக்கும் வருதுன்னு திட்டறாங்க அக்கா" என்று கண் கலங்கினாள். அவளால்தான் எங்கள் தெருப் பூனைகளுக்குக் கருத்தடை செய்யும் வேலை முடிந்தது. ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் சோறு கிடைத்துப் பழகிய பூனைகள் கூண்டுக்குள்ளும் வந்தன. தெருவில் சில வீடுகள் பணம் போட்டோம். பெண் பூனைகளுக்கு முதலில், பிறகு கடுவன்களுக்கு. அறுவை முடிந்ததற்கு அடையாளமாகக் காது நுனியைக் கொஞ்சம் கத்தரித்துவிடுவார்கள். மறுபடி பிடிக்க வேண்டியதில்லை என்று யாரும் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். கடுவன்கள் இரவில் கத்திச் சண்டை போடுவதும், சுவரில் சிறுநீர் பீச்சுவதும் வெகுவாகக் குறைந்தன. சோறு வைக்கும் இடத்தையும் அந்தப் பெண் தோட்டங்களை விட்டுத் தள்ளி, மின்பெட்டிக்குப் பின்னால் மாற்றிக்கொண்டாள்.

குருவிகளுக்காகவும் ஒரு வார்த்தை. செம்பருத்தியிலும் எலுமிச்சையிலும் ஆள் உயரத்துக்குக் கீழேயே கொண்டைக்குருவியும் தையல்சிட்டும் கூடு கட்டும். வயிறு நிறைந்த பூனையும் வேட்டையாடும்; அது அதன் இயல்பு. கூடு இருக்கிற செடியின் அடித்தண்டில் வழுவழுப்பான தகரத்தைச் சுற்றிவிடுங்கள். பறவைக்குத் தண்ணீர் வைக்கிறவர்கள் புதருக்குப் பக்கத்தில் தரையில் வைக்காமல், நாலு பக்கமும் திறந்த இடத்தில் உயரத்தில் வையுங்கள்.

ஆடிப் பட்டத்துக்கு விதை வாங்கப் போகிறவர்கள் அப்படியே இரண்டு மீட்டர் கோழிவலையும் வாங்கி வந்து ஆனியிலேயே வெட்டி வையுங்கள். மணல் தொட்டியை விதைப்பதற்கு ஒரு வாரம் முன்பே வைத்துவிடுங்கள். உங்கள் தெருவில் ஒரு பெண் பூனை இருந்தால், அது அடுத்த ஈற்றுக்குப் போவதற்குள் நாலு வீட்டுக் கதவைத் தட்டிப் பணம் சேருங்கள்.